‘அன்சங் ஹீரோ’ என்று எழுதினால் போதாது: பத்ம விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைப்பது எப்படி?

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 25 மாலை பத்ம விருதுப் பட்டியல் வந்ததும் வாட்ஸ்அப்பில் ‘அன்சங் ஹீரோ’ (யாரும் போற்றாத நாயகர்) என்ற தலைப்போடு படங்கள் வரிசை கட்டும். இயற்கை விவசாயி பாப்பம்மாள் 2021இல், விராலிமலைச் சதிர் கலைஞர் முத்துக்கண்ணம்மாள் 2022இல், பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல், வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பன் 2024இல், பறைக் கலைஞர் வேலு ஆசான் 2025இல் என்று நமக்குத் தெரிந்த பெயர்களே ஆண்டுதோறும் உண்டு. பார்க்கிற பலருக்கும் ‘நம்ம ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருக்காரே’ என்று தோன்றும். தோன்றியதோடு சரி. அந்த ஒருத்தரின் பெயரை யார் அனுப்ப வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. அரசாங்கமே தேடி வந்து கொடுக்கும் என்று நினைப்பவர்கள் பாதி, பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாமல் நடக்காது என்பவர்கள் மீதி.

உண்மையில் இந்தியக் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். இணையத்தில்தான் அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது.

எங்கள் பகுதியில் தோல்பாவைக் கூத்து நடத்தும் பெரியவர் ஒருவருக்காக நானும் சில நண்பர்களும் இந்த வேலையில் இறங்கினோம். தமிழில் ஒரே இடத்தில் தகவல் கிடைக்காமல், ஒவ்வொரு படியிலும் முட்டி மோதித்தான் கற்றுக்கொண்டோம். அடுத்தவர்கள் அந்த அலைச்சல் படவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் கலைஞர்களைச் சுற்றியே இருக்கும். ஆனால் நீங்கள் பரிந்துரைப்பவர் விவசாயியோ, மருத்துவரோ, சமூக சேவகரோ, வழி இதேதான்.

1. தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

சாதி, தொழில், பதவி, ஆண், பெண் என்ற வேறுபாடு எதுவும் இல்லை. படிப்பு இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆனால் மூன்று இடங்களில் கதவு மூடியிருக்கும்.

ஒன்று, பணியில் இருக்கும் அரசு ஊழியர். பொதுத்துறை நிறுவன ஊழியரும் இதில் சேர்த்தி. மருத்துவர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. மலைக்கிராமத்துக்கு நடந்தே போய்ப் பாடம் சொல்லும் அரசுப் பள்ளி ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர் என்று ‘அன்சங்’ ஆட்களாக நாம் முதலில் நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த விதியில்தான் அடிபடுகிறார்கள். ஓய்வு பெற்றபின் அனுப்பலாம். அதுவரை சான்றுகளைச் சேர்த்து வையுங்கள்.

இரண்டு, அமைப்புகள். அறக்கட்டளைக்கோ குழுவுக்கோ இந்த விருது கிடையாது. தனி மனிதருக்குத்தான். வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இணையாகப் பெற்றது போல எப்போதாவது இருவருக்குச் சேர்த்து ஒரே விருதாகக் கொடுப்பது உண்டு.

மூன்று, மறைந்தவர்கள். வழக்கமாகக் கொடுப்பதில்லை. மிகத் தகுதியான ஒருவர், அதுவும் சமீபத்தில் மறைந்திருந்தால் மட்டுமே பரிசீலிப்பார்கள். ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று எண்பது வயதுக்காரர் விஷயத்தில் தள்ளிப்போடாதீர்கள்.

2. அவரிடமும் வீட்டாரிடமும் பேசுங்கள்

இன்ப அதிர்ச்சி கொடுக்கிறேன் என்று சொல்லாமல் செய்யாதீர்கள். ஆவணங்கள் அவர் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும். பிறந்த தேதி முதல் பழைய போட்டோ வரை அவர்கள்தான் தர வேண்டும். விருப்பமில்லாத ஆட்களும் உண்டு.

எங்கள் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, “இதுல பணம் எதுவும் வருமா தம்பி?” வராது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பத்ம விருதுக்குப் பணமுடிப்பு இல்லை. ரயில், விமானச் சலுகை இல்லை. குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட சான்றிதழும் பதக்கமும் தருவார்கள். விழாக்களில் அணிந்துகொள்ள அந்தப் பதக்கத்தின் சிறிய பிரதி ஒன்றும் உண்டு. ஒடிசா போன்ற சில மாநில அரசுகள் பத்ம விருதாளருக்குத் தனியாக மாத உதவித்தொகை தருகின்றன. அது அந்தந்த மாநிலத்தின் முடிவு.

அதனால் என் கருத்து இது: வறுமையில் இருக்கும் கலைஞர் என்றால் பத்ம விருதுக்கு முன்னால் மாத உதவிக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் நிதியுதவி உண்டு. மத்திய கலாச்சார அமைச்சகத்திலும் அறுபது வயது கடந்த, வருமானம் குறைந்த கலைஞர்களுக்கான உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அடுப்பு எரிகிற வழியைப் பார்க்காமல் மேடைக்கு ஆசைப்படுவதில் அர்த்தமில்லை. இன்னொரு லாபமும் இருக்கிறது. வாரிய அட்டையும் உதவித்தொகை ஆணையும் ‘இவர் இந்தக் கலைஞர்தான்’ என்று அரசே எழுதிக்கொடுத்த சான்று. பின்னால் கைகொடுக்கும்.

3. பெயரும் பிறந்த தேதியும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்

சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அதிகம் நேரம் தின்றது இதுதான்.

ஊருக்கு ஒரு பெயர், மேடைக்கு ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பத்திரிகையில் இன்னொரு பெயர் என்று நம் கலைஞர்கள் பலருக்கும் இருக்கும். முருகன் ராவ் ஓரிடத்தில் முருகேசனாக இருப்பார். அண்ணாவி, வாத்தியார், ஆசான் என்ற பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துகள் மாறும். முதல் எழுத்து முன்னாலா பின்னாலா என்ற பழைய சிக்கல் வேறு. படிவம் பெயரைப் பிரித்துக் கேட்டால் அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடும்.

ஆதாரில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மேடைப் பெயர் வேறு என்றால், பரிந்துரைக் குறிப்பின் தொடக்கத்திலேயே ‘இன்ன பெயரில் அறியப்படுபவர்’ என்று ஒரு தரம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இணைக்கும் செய்தித் துண்டு வேறு யாருடையதோ என்று படிப்பவர் நினைப்பார்.

பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும். அதை அப்படியே போடலாம். ஆனால் ஆதார் கணக்குப்படி பத்து வயதில் அவர் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன் என்று வந்தால், அதைத் திருத்திவிட்டு அப்புறம் தொடங்குங்கள். ‘ஏழு வயதில் அரங்கேறினார், 60 ஆண்டு அனுபவம்’ என்று எழுதும்போது வயதுக் கணக்கு உதைக்கக் கூடாது. ஆதார் திருத்தத்துக்கு ஆவணமும் காலமும் வேண்டும் என்பதால் இதை முதல் வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

4. சான்றுகளைத் தேடுங்கள்

“என்கிட்ட ஒண்ணும் இல்லையே” என்பார்கள். பெரும்பாலும் இருக்கும், அது சான்று என்று அவர்களுக்குத் தெரியாது.

தென்மாவட்டங்களில் எங்களுக்குப் பெரிய புதையலாக இருந்தது கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா) நோட்டீஸ். எந்த வருடம், எந்த ஊர், எந்த நாள் இரவு, யார் கூத்து என்று அச்சில் இருக்கும். வரிக்கணக்குப் பார்க்கும் ஊர்ப் பெரியவர்கள் பழைய நோட்டீஸ்களைத் தூக்கிப்போட மாட்டார்கள், கேட்டால் பரணிலிருந்து எடுத்துத் தருவார்கள். தேதி அச்சிட்ட ஒரு நோட்டீஸ், ‘நீண்ட காலமாகக் கலைச்சேவை புரிந்து வருகிறார்’ என்ற பத்துச் சான்றிதழ்களுக்குச் சமம் என்பது என் எண்ணம்.

இவற்றையும் தேடுங்கள்: வானொலி நிலைய ஒப்பந்தத் தாள்கள், பள்ளி கல்லூரிகள் கொடுத்த நன்றிக் கடிதங்கள், கலை பண்பாட்டுத் துறை நிகழ்ச்சிக்கு அழைத்த கடிதம், ஆய்வு மாணவர்கள் இவரைப் பேட்டி கண்டு எழுதிய ஆய்வேட்டின் பக்கங்கள், தேதியும் பத்திரிகைப் பெயரும் தெரியும்படியான செய்தித் துண்டுகள். தேதியைக் கத்தரித்துவிட்டு ஒட்டி வைத்திருந்தால் அந்தத் துண்டுக்கு மதிப்புப் பாதிதான். மாவட்ட நூலகத்தில் பழைய இதழ்கள் இருந்தால் போய்த் தேடிப் பாருங்கள்.

கலைஞர் அல்லாதவர் என்றால் சான்றும் வேறு மாதிரி இருக்கும். விவசாயிக்கு வேளாண் பல்கலைக்கழகமோ வேளாண் துறையோ கொடுத்த கடிதம், இலவச வைத்தியம் பார்ப்பவருக்குப் பயனாளிகளின் பதிவேடு, மரம் நட்டவருக்கு வனத்துறை அல்லது ஊராட்சித் தீர்மானம்.

ஒரு பொறி: ‘உலக சாதனை’, ‘கௌரவ டாக்டர் பட்டம்’, ‘தேசிய ரத்னா’ என்று பெயர் வைத்துப் பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு பட்டம் விற்கும் அமைப்புகள் நிறைய. எங்கள் பெரியவருக்கே அப்படி ஒரு ‘விருது’ வந்திருந்தது, ஐயாயிரம் ரூபாய் கட்டி வாங்கியது. சுவரில் மாட்டியிருந்தார். அதைப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. சேர்த்தால் உண்மையான சான்றுகளின் மீதும் சந்தேகம் விழும். அவர் மனம் நோகாமல் இதைச் சொல்ல வேண்டியிருந்தது, அது தனிக் கதை.

5. உள்ளூர் விருது ஏதாவது வாங்கியிருக்கிறாரா?

கட்டாயம் இல்லை. ஆனால் மாநில விருதோ மாவட்ட விருதோ கையில் இருந்தால் பரிந்துரைக்குப் பலம் கூடும்.

கலைஞர்களுக்கு மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாக ஐந்து விருது தருகிறது: 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு தேர்ந்தெடுக்கும். அறிவிப்பு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சின்னதாக வந்து போய்விடும், கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மேலே கலைமாமணி இருக்கிறது. கலைஞர் அல்லாதவர்களுக்கு, பெண்கள் என்றால் அவ்வையார் விருது, துணிவுக்கான கல்பனா சாவ்லா விருது என்று மாநில அரசின் விருதுகள் பல உண்டு. கல்பனா சாவ்லா விருதுக்கு 5 லட்சம் ரூபாயும் கிடைக்கும். மாநில விருதுகளுக்கு அவார்ட்ஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தைப் பாருங்கள். ஒரே கோப்பு எல்லாவற்றுக்கும் உதவும்.

6. எந்த விருது, எந்தத் துறை?

பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ மூன்றில் பத்மஸ்ரீயையே கேளுங்கள். வெளியே அதிகம் தெரியாத ஒருவரை நேரடியாக மேல் படிக்கு அனுப்புவது ஆசைதான். 2025இல் கொடுத்த 139 விருதுகளில் 113 பத்மஸ்ரீ, 19 பத்ம பூஷண், ஏழே ஏழு பத்ம விபூஷண்.

துறை தேர்வதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கலை, சமூகப் பணி, பொது விவகாரம், அறிவியல் பொறியியல், வணிகம் தொழில், மருத்துவம், இலக்கியம் கல்வி, ஆட்சிப் பணி, விளையாட்டு, இவற்றில் அடங்காதவை என்று பிரிவுகள் இருக்கின்றன. விவசாயம் கடைசிப் பிரிவில் வரும். பாப்பம்மாளுக்குக் கிடைத்தது அதில்தான். பாம்பு பிடித்த இருவருக்கும் சமூகப் பணியில் கொடுத்தார்கள். பாரதி ஆய்வாளர் சீனி விஸ்வநாதன் இலக்கியம் கல்வியில்.

குழப்பமாக இருந்தால் பத்ம விருதுகளுக்கான அரசுத் தளத்தில் பழைய பட்டியல்களைத் திறந்து பாருங்கள். பெயர், துறை, மாநிலம் மூன்றும் இருக்கும். நாங்கள் பாவைக்கூத்தைத் தேடினோம். கேரளத்தின் தோல்பாவைக் கூத்துக் கலைஞர் ராமச்சந்திர புலவர் 2021இலும், கர்நாடகத்தின் தொகலு கொம்பேயாட்டக் கலைஞர் பீமவ்வா தமது தொண்ணூறுகளில் 2025இலும் பத்மஸ்ரீ பெற்றிருந்தார்கள். இரண்டும் தோல் பாவைகளை ஆட்டும் கலைதான். முன்மாதிரி இருக்கிறது என்று தெரிந்ததும் எங்களுக்குத் தைரியம் வந்தது. ‘அண்டை மாநிலங்களில் இந்தக் கலைக்கு அங்கீகாரம் கிடைத்திருக்கிறது, தமிழ் மரபுக்கு இன்னும் இல்லை’ என்று சொல்லவும் ஒரு வரி கிடைத்தது. ஆனால் அப்படி எழுதும் முன் பட்டியலை ஆண்டுவாரியாக முழுதும் பாருங்கள். தவறாக இருந்தால் மானம் போகும்.

7. அந்த 800 சொற்கள்

பரிந்துரையின் உயிர் இங்கேதான். அவர் என்ன செய்தார், அது ஏன் அசாதாரணம் என்று அதிகபட்சம் 800 சொற்களில் உரைநடையாக எழுதச் சொல்வார்கள். அதைப் படிப்பது அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழு. உள்துறைச் செயலர், குடியரசுத் தலைவரின் செயலர், அவர்களோடு துறைசார் பிரமுகர்கள் நான்கு முதல் ஆறு பேர் அதில் இருப்பார்கள். அந்த மேசைக்குப் போய்ச் சேரும் முன்னாலும் வடிகட்டல்கள் உண்டு. தோல்பாவைக் கூத்தை வாழ்நாளில் பார்த்தே இராத ஒருவர் படிக்கப்போகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நண்பர்கள் எழுதிய முதல் வடிவம் இப்படி இருந்தது: ‘தன்னலமற்ற தியாகச் செம்மல், கலைக்காகவே வாழ்நாளை அர்ப்பணித்த ஒப்பற்ற மாமனிதர், உண்மையான அன்சங் ஹீரோ.’ மேடையில் வாழ்த்துரை சொல்ல ஏற்றது. இங்கே பைசா பிரயோஜனம் இல்லை. ‘அன்சங்’ என்ற சொல்லை இப்போது எல்லாப் பரிந்துரைகளிலும் போடுகிறார்கள், ஏற்கெனவே பத்து விருது வாங்கியவருக்கும்கூட. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். யாரும் கவனிக்காமல் இவர் என்ன செய்தார் என்பதைச் சொன்னால், கவனிக்கவில்லை என்பது தானாகப் புரிந்துவிடும்.

நாங்கள் கடைசியில் பிடித்துக்கொண்ட வரிசை இது.

முதல் பத்தியில் ஆளும் வேலையும். யார், எந்த ஊர், என்ன செய்கிறார், எந்த ஆண்டிலிருந்து. அப்புறம் இரண்டு மூன்று வாக்கியத்தில் கலையை விளக்க வேண்டும். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, சாயம் தீட்டிப் பாவை செய்வது. வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து நிழலாட விடுவது. ராமாயணத்தைப் பல இரவுகள் தொடர்ந்து நடத்துவது. ராமனுக்கும் சீதைக்கும் ராவணனுக்கும் இடையிடையே வந்து சிரிக்கவைக்கும் உச்சிக்குடுமியனுக்கும் உளுவத்தலையனுக்கும் ஒரே ஆள் குரல் கொடுத்து, பாடி, பாவையையும் ஆட்டுவது. இந்தக் கடைசித் தகவல்தான் படிப்பவரை நிமிர வைக்கும் என்று எங்களுக்குத் தோன்றியது. நம் பக்கத்து ஆட்களுக்கு இது சாதாரணம் என்பதால் முதல் வடிவத்தில் யாருமே எழுதவில்லை!

அடுத்தது எண்கள். எத்தனை ஆண்டு, எத்தனை மாணவர், எத்தனை பாவைகளை வைத்துக் காக்கிறார், எந்தெந்த மாவட்டம். நீங்கள் போடும் ஒவ்வொரு எண்ணுக்கும் கையில் ஆதாரம் இருக்கட்டும். ‘ஆயிரக்கணக்கான மாணவர்கள்’ வேண்டாம், பெயர் சொல்லக்கூடிய பதினோரு பேர் போதும்.

பிறகு, அவருடைய இடையூறுகள். வறுமையைக் கண்ணீர் வரும்படி எழுதத் தேவையில்லை. கோயில் கொடைகளில் பாவைக்கூத்துக்குப் பதில் இன்னிசைக் கச்சேரி வந்ததும் வருமானம் போனது, அதன்பின்னும் பாவைகளை விற்காமல் வைத்திருந்தார் என்பது போல நடந்ததைச் சொல்லுங்கள். கடைசியாக, இவருக்குப் பின் இந்த வேலை என்னவாகும் என்பது.

எழுதியதை ஆங்கிலத்தில் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. இந்தத் துறை தெரிந்த ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள். கைபேசி மொழிபெயர்ப்பை நம்பி அப்படியே ஒட்டாதீர்கள். எங்கள் சோதனையில் கூத்து நாடகமானது, அண்ணாவி அண்ணன் ஆனார். கலையின் பெயர், பாத்திரங்களின் பெயர், கருவிகளின் பெயர் எல்லாம் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும், பக்கத்தில் சிறு விளக்கம் கொடுங்கள். ஆங்கிலத்தில் ஆக்கியபின் சொற்களை எண்ணுங்கள். நாம் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது ஆங்கிலத்தில் மூன்று நான்காகப் பிரியும். தமிழில் 450 சொற்களுக்குள் நிறுத்தினால் நிம்மதி.

8. தளத்தில் பதிவு செய்வது

ராஷ்ட்ரிய புரஸ்கார் என்ற தளம், முகவரி அவார்ட்ஸ் டாட் கவ் டாட் இன். தபாலிலோ நேரிலோ கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை இல்லை. பரிந்துரைப்பவராகிய நீங்கள் முதலில் உங்கள் விவரம் கொடுத்து, ஓடிபி மூலம் கணக்குத் தொடங்க வேண்டும். பிறகு உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள பத்ம விருதைத் தேர்ந்தெடுத்துப் படிவத்தை நிரப்பலாம். அவரே தமக்காகப் பரிந்துரைத்துக்கொள்ளவும் விதியில் இடம் உண்டு. ஆனாலும் வேலையைப் பார்த்த இன்னொருவர் எழுதுவதில் கனம் அதிகம் என்பது என் எண்ணம்.

தளத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். எல்லாவற்றையும் கணினியில் தனியாகத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, அங்கே ஒட்டுங்கள். ஒட்டியபின் ஒரு முறை முழுதும் வாசியுங்கள். மேற்கோள் குறியும் சிறப்பு எழுத்துகளும் சில சமயம் உருமாறும். இறுதியாகச் சமர்ப்பிக்கும் முன் இன்னொருவரை உட்காரவைத்துப் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி மூன்றையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். சமர்ப்பித்ததும் பதிவு எண்ணையும் படிவத்தின் நகலையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

கைபேசி எண் கொடுக்கும்போது கவனம். பெரியவர் பெயரில் உள்ள எண் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும், அல்லது பேரன் மாற்றியிருப்பான். மாறாத எண்ணாக, வீட்டில் விவரம் தெரிந்த ஒருவருடையதைக் கொடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இதற்கு இணையாக மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவும் முயலலாம். மாநில அரசுகளும் பெயர்களைப் பரிந்துரைக்கின்றன, அதற்காக மாவட்டங்களிலிருந்து விவரம் கேட்பார்கள். அங்கே காலக்கெடு தளத்தின் கடைசி நாளுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். மாவட்ட அளவில் சரிபார்த்து, சென்னைக்குப் போய், அங்கிருந்து டெல்லி போக வேண்டுமே. எனவே தளம் திறந்த வாரத்திலேயே போய்க் கேளுங்கள்.

9. காலம்

2024இல் பரிந்துரைக்கான காலம் மே 1 முதல் செப்டம்பர் 15 வரை இருந்தது. 2025இல் மார்ச் 15இல் திறந்து, ஜூலை 31 கடைசி நாள் என்று அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 15 வரை நீட்டித்தார்கள். முந்தைய ஆண்டை நம்பி செப்டம்பரில் சாவகாசமாக அனுப்பலாம் என்று இருந்தவர்கள் கதவு மூடியபின்தான் வந்து சேர்ந்திருப்பார்கள். ஆகவே பிப்ரவரியிலேயே தளத்தைப் பார்க்கத் தொடங்குங்கள். ஆதார் திருத்தம் இருந்தால் அதற்கும் முன்னால்.

கடைசி நாட்களில் தளம் திணறும் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

10. செலவு

பரிந்துரைக்குக் கட்டணம் இல்லை. உங்களுக்கு ஆகும் செலவு நகலெடுப்பது, பழைய நோட்டீஸ்களை ஸ்கேன் செய்வது, ஒரு நல்ல புகைப்படம், மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுப்பது, ஊர் ஊராகப் போகும் பேருந்துச் செலவு. நண்பர்கள் பங்குபோட்டால் தெரியாது.

இதற்கு மேல் யாராவது பணம் கேட்டால் அது மோசடி. ‘டெல்லியில் ஆள் இருக்கிறது’, ‘ஃபைல் மேலே போகணும்னா’ என்று தொடங்குவார்கள். பரிந்துரைத்தவரின் பெயர் ஊரில் கசிந்ததும் எங்களுக்கே அப்படி ஓர் அழைப்பு வந்தது. பெரியவரின் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: யாருக்கும் ஓடிபி சொல்லக் கூடாது, யாருக்கும் பணம் அனுப்பக் கூடாது, எந்த அழைப்பு வந்தாலும் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும்.

11. அனுப்பிய பிறகு

அமைதிதான். ‘உங்கள் பரிந்துரை இந்தக் கட்டத்தில் இருக்கிறது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏன் கிடைக்கவில்லை என்றும் சொல்ல மாட்டார்கள். இடையில் ஆளைப் பற்றி அரசு அமைப்புகள் விசாரிக்கும். நிலத் தகராறு, குடும்ப வழக்கு என்று ஏதாவது இருந்தால் தொடக்கத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊரில் பேனர் வைக்காதீர்கள். ‘பத்மஸ்ரீக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று நோட்டீஸில் போடும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதற்கு எந்த மதிப்பும் இல்லை, யாரும் யாரையும் பரிந்துரைக்கலாமே. விருது கிடைத்தால்கூடப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டம் போலப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது விதி. 1995இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சொல்லியிருக்கிறது. திருமண அழைப்பிதழ்களைப் பார்த்தால் யாருக்கும் தெரியாத விதி என்று நினைக்கத் தோன்றும்.

தொலைபேசி எண் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வானவர்களுக்கு உள்துறை அமைச்சகத்திலிருந்து அறிவிப்பை ஒட்டி அழைப்பு வரும், ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். வாயால் சொன்னால் போதும், எழுத்தில் ஒப்புதல் வாங்குவதில்லை. இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசுவார்கள். எடுப்பவருக்கு மொழி தெரியாமல், மோசடி என்று நினைத்துத் துண்டித்துவிட்டால் சங்கடம். அதனால் ஜனவரி கடைசி வாரம் அந்த எண்ணை வைத்திருப்பவர் ஆங்கிலம் கொஞ்சம் புரிந்துகொள்பவராக இருக்கட்டும். பணமோ ஓடிபியோ கேட்காத அழைப்புக்குப் பொறுமையாகப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் அடுத்த ஆண்டு புதிதாக அனுப்புங்கள். பழையதையே திரும்ப ஒட்டாமல், அந்த ஓராண்டில் நடந்ததைச் சேருங்கள்: புதிய மாணவர்கள், கிடைத்த மாவட்ட விருது, வந்த செய்தி, நடத்திய நிகழ்ச்சிகள். வேறு ஊர்க்காரர் ஒருவரோ, பல்கலைக்கழகத் துறைத்தலைவரோ தனியாக ஒரு பரிந்துரை அனுப்ப முன்வந்தால் இன்னும் நல்லது. அவர்கள் நம் வாசகத்தையே நகலெடுத்து அனுப்பாமல், தாங்கள் பார்த்ததைத் தங்கள் நடையில் எழுதச் சொல்லுங்கள். ஒரே வாசகத்தில் நூறு பரிந்துரை போவதால் எடை கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொடை நோட்டீஸ்களையும் மற்றத் தாள்களையும் ஸ்கேன் செய்து முடித்ததும் மூலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகலை இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று பெரியவர் வீட்டிலேயே இருக்கட்டும்.